ஆலையும் ஆளும்

ஒரு நிறுவனத்தில் வேலை செவ்வனே நடைபெறவில்லையென்றால் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? இயந்திரத்தைப் பார்க்கிறோம், கணக்கைப் பார்க்கிறோம், விதிகளைப் புரட்டிப் பார்க்கிறோம். அவை யாவும் ஒழுங்காக இருக்கக் கண்டால், ஆட்கள் சோம்பேறிகள் என்று தீர்ப்பளித்துவிட்டு அமைதி அடைகிறோம். அந்த ஆட்கள் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. அக்கேள்வியைக் கேட்பதற்குத் தொழில் உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பது ஒரு தனி வரலாறு. அமெரிக்க நாட்டுத் தொலைபேசிச் சாதன ஆலை ஒன்றிலும், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், நம் நாட்டு அகமதாபாத் நகரத்துத் துணியாலை ஒன்றிலும் நிகழ்ந்த வரலாறு அது. அதனையே இன்று உங்கள்முன் சொல்ல விரும்புகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் நிருவாகத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் ஃபிரடெரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். விஞ்ஞான முறை நிருவாகத்தைப் பற்றிய அவருடைய நூல் 1911-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொழிலாளி கையை எத்தனை முறை அசைக்கிறான், ஒவ்வோர் அசைவுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அளப்பது அவர் வகுத்த முறை. வீண் அசைவுகளை நீக்கி, மிகுதியாக உழைப்பவனுக்கு மிகுதியாகக் கூலி கொடுத்தால் எல்லாச் சிக்கலும் தீரும் என்று அவர் நம்பினார். ஆனால் அதே 1911-ஆம் ஆண்டிலேயே, வாட்டர்டவுன் என்னும் ஊரிலிருந்த அரசாங்க ஆயுதசாலையில் அந்தக் கடிகாரம் வந்து நின்றவுடன் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். தம்மை அருகில் நின்று நொடிக்கணக்கில் ஒருவர் அளப்பதை மானக்கேடாக அவர்கள் கருதினார்கள். கடிகாரம் நொடியை அளந்தது. மானத்தை அளக்கும் கருவி அதனிடம் இல்லை.

இனி, சிக்காகோ நகரை அடுத்த சிசரோ என்னும் ஊருக்குச் செல்வோம். அங்கே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தாரின் ஹாதார்ன் ஆலை இருந்தது. தொலைபேசிக்கு வேண்டிய சாதனங்களைச் செய்துவந்த அவ்வாலையில், அதன் உச்ச நிலையில் 40,000-க்கு மேற்பட்டோர் பணிபுரிந்தனர். 1924-ஆம் ஆண்டில் அங்கு ஓர் எளிய கேள்விக்கு விடை காண முற்பட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் விளக்கு வெளிச்சத்தை மிகுதியாக்கினால் உற்பத்தி மிகுமா என்பதே அக்கேள்வி.

வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி உயர்ந்தது. வெளிச்சம் மாறாத மற்றொரு குழுவைப் பார்த்தார்கள். அங்கும் உற்பத்தி உயர்ந்தது. வெளிச்சத்தைக் குறைத்தார்கள், அப்பொழுதும் பெரிதாகக் குறையவில்லை. ஒருமுறை, நிலவொளிக்கு நிகரான மங்கிய ஒளியிலும் இரண்டு பெண்கள் தளராமல் வேலை செய்தார்கள். விளக்கை அளக்க வந்தவர்கள் வியந்து நின்றார்கள். 1927-ஆம் ஆண்டில் இச்சோதனைகள் முடிவடைந்தபோது, விளக்கைத் தவிர வேறு ஏதோ ஒன்று அங்கே வேலை செய்கிறது என்னும் ஐயம் மட்டும் எஞ்சியது.

அந்த ஐயத்தைத் தீர்க்கவே அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இரண்டாவது சோதனை தொடங்கிற்று. தொலைபேசி இணைப்பகத்திற்கு வேண்டிய ரிலே என்னும் சிறு கருவியைப் பொருத்தும் பெண்கள் ஐவரையும், அவர்களுக்கு உறுப்புகளை எடுத்துக் கொடுக்கும் ஒருவரையும் தனி அறையில் அமர்த்தினார்கள். ஒரு ரிலேயில் ஏறத்தாழ 35 சிறு உறுப்புகள். ஒன்றைப் பொருத்தி முடிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். முதலில் ஐந்து நிமிட ஓய்வு இருமுறை கொடுத்தார்கள். பிறகு பத்து நிமிடமாக்கினார்கள். காலையில் சிற்றுண்டி வழங்கினார்கள். மாலையில் அரைமணி முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். உற்பத்தி படிப்படியாக ஏறியது. பின்னர், கொடுத்த சலுகைகள் அனைத்தையும் பன்னிரண்டு வார காலம் நீக்கிவிட்டு, ஓய்வே இல்லாத பழைய 48 மணி நேர வாரத்தைத் திருப்பிக் கொணர்ந்தார்கள். மணிக்கணக்கில் வேகம் சிறிது குறைந்தாலும், வார உற்பத்தி பழைய நிலைக்கு இறங்கவில்லை, உயர்ந்தே நின்றது.

எல்டன் மேயோ என்பவர் ஆஸ்திரேலியாவில் 1880-ஆம் ஆண்டில் பிறந்து, 1926-இல் ஹார்வர்டு வணிகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பேராசிரியர். 1928-ஆம் ஆண்டில் அவர் ஹாதார்ன் ஆலைக்கு அழைக்கப்பட்டார். அந்த அறையில் ஓய்வு நேரம் மட்டும் மாறவில்லை, உறவு முறையே மாறிவிட்டது என்று அவர் விளக்கினார். ஒவ்வொரு மாற்றத்திற்கு முன்னும் அப்பெண்களைக் கலந்து பேசினார்கள். அதட்டும் மேற்பார்வையாளருக்குப் பதிலாக, அமைதியாகக் குறிப்பெடுக்கும் ஒருவர் அமர்ந்திருந்தார். ஐவரும் தம்முள் தோழியராயினர். மனிதன் கூலிக்காக மட்டும் உழைப்பவனல்லன், கூட்டத்தில் ஒருவனாக மதிக்கப்படுவதற்காகவும் உழைக்கிறான் என்பது மேயோவின் கொள்கை. ரொத்லிஸ்பெர்கர், டிக்ஸன் என்னும் இருவர் இச்சோதனைகளை விரிவாக எழுதி 1939-ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டனர்.

நேயர்களே! இக்கதையை இந்த அளவில் நிறுத்திவிட்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு சொல்பவன் இனிமைக்காக உண்மையை மறைத்தல் தகாது. அந்த அறையில் மற்றுஞ்சில நடந்தன. முன்பு நூறு பேருக்கு மேற்பட்டோரின் மொத்த உற்பத்தியை வைத்துக் கணக்கிடப்பட்ட ஊக்கக் கூலி, இங்கே ஐவரின் உற்பத்தியை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒருத்தி வேகமாகச் செய்தால் அதன் பயன் அவளுக்கே தெரியும்படி கைக்கு வந்தது. அன்றியும், 1928-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மிகுதியாகப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று ஐவரில் இருவரை வெளியேற்றிவிட்டு, விரைந்து செய்யக்கூடிய வேறு இருவரை அமர்த்தினார்கள். கலந்து பேசுவதே அவ்வறையின் சிறப்பு என்று புகழப்பட்டது, பேசியவர்களே வெளியேற்றப்பட்டார்கள்! 1967-ஆம் ஆண்டில் அலெக்ஸ் கேரி என்பவரும், 1978-ஆம் ஆண்டில் ஃபிராங்கே, கௌல் என்னும் இருவரும் பழைய கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, கூலியையும் கண்டிப்பையும் வேலையிழப்பு அச்சத்தையும் மேயோவின் குழுவினர் குறைத்து மதிப்பிட்டனர் என்று காட்டினார்கள். 2011-ஆம் ஆண்டில் லெவிட், லிஸ்ட் என்னும் பொருளாதார அறிஞர்கள் விளக்குச் சோதனையின் பழைய எண்களைத் தேடியெடுத்து ஆராய்ந்தபோது, அதன் புகழுக்கேற்ற சான்று அவ்வெண்களில் இல்லை என்றே கண்டார்கள்.

அப்படியாயின் ஹாதார்ன் ஆலையில் கற்கத்தக்கது ஒன்றுமில்லையா? இருக்கிறது. அது மூன்றாவது அறையில் இருக்கிறது. 1931-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1932-ஆம் ஆண்டு மே வரை, கம்பி இணைக்கும் ஆண்கள் பதினால்வரை ஓர் அறையில் வைத்து, எந்த மாறுதலும் செய்யாமல் உற்றுநோக்கினார்கள். கம்பி சுற்றுவோர் ஒன்பதின்மர், பற்றவைப்போர் மூவர், சோதிப்போர் இருவர். மிகுதியாகச் செய்தால் மிகுதியாகக் கூலி என்னும் முறை அங்கும் இருந்தது. ஆனால் நாளொன்றுக்கு இரண்டு சாதனங்களே போதும் என்று அவர்கள் தமக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுக்கு மேல் செய்பவனைக் கேலி பேசினார்கள். சில வேளைகளில் புயத்தில் ஒரு குத்தும் விட்டார்கள். மிகக் குறைவாகச் செய்பவனையும் அவர்கள் விரும்பவில்லை. மேலதிகாரியிடம் கோள் சொல்பவனை அறவே வெறுத்தார்கள். நிறுவனத்தார் ஏட்டில் எழுதிய விதிகள் ஒருபுறம் இருக்க, எழுதப்படாத விதிகள் அந்த அறையை ஆண்டன.

இதனை அறியாமை என்று சிலர் கூறினர். நான் அவ்வாறு கருதவில்லை. வேகத்தைக் காட்டினால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது ஆட்களைக் குறைத்துவிடுவார்கள் என்று அத்தொழிலாளர் அஞ்சினர். அது பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலம். 1932-ஆம் ஆண்டில் அந்தச் சோதனை நின்றதற்குக் காரணமே, வேலையில்லாமல் ஆட்கள் நீக்கப்பட்டதுதான். அஞ்சியது நடந்தது. ஆகவே மனிதரின் நடத்தை புறத்தே நின்று பார்ப்பவருக்குப் பொருளற்றதாகத் தோன்றும் இடத்தில்தான் நாம் சற்றே நின்று நிதானித்து நோக்க வேண்டும். அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளநூல் படித்துத் தேர்ச்சி பெற்றவன் நான். ஆனால் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் பள்ளியில் அதனை அறவே மறந்தேன். திங்கட்கிழமைதோறும் ஆசிரியர் அனைவரும் பாடக் குறிப்பேட்டை என் மேசையில் வைக்க வேண்டுமென்று ஆணையிட்டேன். ஏடுகள் தவறாமல் வந்தன. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. நானும் கையொப்பமிட்டு மகிழ்ந்தேன். வகுப்பறைக்குச் சென்றாலோ எந்த முன்னேற்றமும் இல்லை. பல குறிப்புகள் சென்ற ஆண்டு ஏட்டிலிருந்து அப்படியே படியெடுக்கப்பட்டவை. இளைஞர் ஒருவர் மட்டும், எந்த மாணவனுக்கு எது விளங்கவில்லை என்று உண்மையாக எழுதிவந்தார். இரண்டு மாதத்தில் அவரும் நிறுத்திவிட்டார். ஆசிரியர் அறையில் அவரைத் ‘தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளை’ என்று கேலி செய்கிறார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். கம்பி இணைக்கும் அறையில் புயத்தில் விழுந்த குத்து, என் பள்ளியில் சொல்லாக விழுந்தது.

பிறகு ஆசிரியர்களை ஒரு மாலை அமரவைத்து, குறை என்னவென்று கேட்டேன். முதலில் எவரும் வாய் திறக்கவில்லை. சற்று நேரங் கழித்துத் தமிழாசிரியர் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தாங்கள் எழுதுவதை எவரும் படிப்பதில்லை, கையொப்பம் மட்டுமே விழுகிறது என்றார்கள். விடுப்பில் சென்றவரின் வகுப்புகளையும் ஏற்பதால், ஓய்வுப் பாடவேளை ஒன்றுகூட எஞ்சுவதில்லை என்றார்கள். குறிப்பு அரைப்பக்கம் போதும், அதனை வெள்ளிக்கிழமை கூடிப் படிப்போம் என்று மாற்றினேன். அது பயன் தந்தது. பாடவேளைக் குறையையும் நீக்குவதாக வாக்களித்தேன்; ஆனால் வேறு பணிகளிடையே அதனை விட்டுவிட்டேன். ஆண்டு முடிவில் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம், “கேட்டீர்கள் ஐயா, கேட்டதோடு நின்றுவிட்டீர்கள்” என்றார். அச்சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

அச்சொல்லைக் கேட்ட பிறகுதான் ஹாதார்ன் வரலாற்றின் மற்றொரு பகுதி எனக்கு விளங்கிற்று. 1928 முதல் 1930 வரை அவ்வாலையில் 20,000-க்கு மேற்பட்ட தொழிலாளரை நேரிற் கண்டு பேசினார்கள். தொடக்கத்தில் எழுதி வைத்த கேள்விகளைக் கேட்டார்கள். பிறகு தொழிலாளி விரும்பியதைப் பேசவிட்டு, குறுக்கிடாமல் கேட்டார்கள். மனத்தில் உள்ளதைக் கொட்டியவுடன் சிலர், ஒன்றுமே மாறாதிருக்கவும், நிலைமை திருந்திவிட்டது என்று கூறினராம். இது கண்ட நிறுவனத்தார் 1936-ஆம் ஆண்டு முதல் குறை கேட்பதற்கென்றே ஆட்களை அமர்த்தினர். கேட்பதுதான் அவர்கள் பணி. குறையை நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இருபது ஆண்டு நடந்த பின், 1956-ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுற்றது. குறை கேட்பது மருந்தின் முதற்படி, அதுவே மருந்தாகிவிடாது. பசித்தவனிடம் பசியைப் பற்றி அன்பாக விசாரித்துவிட்டு, இலை போடாமல் அனுப்புவது அறமாகுமா?

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. புதிய இயந்திரங்கள் வந்தும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. வேலைக்கு வராதோர் தொகையும் பூசலும் மிகுந்தன. இலண்டனிலுள்ள டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட் என்பவரும், பதினெட்டு ஆண்டு நிலக்கரி வெட்டிய அனுபவமுடைய கென் பாம்ஃபோர்த் என்பவரும் இதனை ஆராய்ந்து 1951-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

பழைய முறையில், இருவரோ ஒரு சிலரோ தாமே துணை தேர்ந்துகொண்டு, நிலக்கரியை வெட்டுவதிலிருந்து வெளியே அனுப்புவது வரை எல்லா வேலையையும் செய்தனர். இருட்டிலும் ஆபத்திலும் ஒருவர்க்கொருவர் உயிர்த்துணையாக இருந்தனர். ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்தைத் துணைவர் தாங்குவதும் உண்டு. புதிய முறையிலோ, ஏறத்தாழ நாற்பது பேர் நீண்ட சுவர்போன்ற நிலக்கரி முகப்பில் மூன்று முறைப்பணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு முறைப்பணியினர் வெட்டிச் சென்றனர். மற்றொரு முறைப்பணியினர் இயந்திரத்தை நகர்த்திச் சென்றனர். மூன்றாமவர் நிலக்கரியை அள்ளினர். முந்தியவர் செய்த பிழை பிந்தியவர் தலையில் விழுந்தது. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசுவதே இல்லை. இயந்திரம் குறையுடையதன்று; மனிதரும் குறையுடையவரல்லர். இயந்திரத்திற்கேற்ப மனிதரைப் பிரித்த முறையே குறையுடையது என்று அவ்விருவரும் காட்டினர்.

இந்தக் கருத்தே கடல் கடந்து அகமதாபாத் வந்து சேர்ந்தது. அந்நகரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1918-ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டுப் போராடினர். காந்தியடிகள் அவர்களுக்குத் தலைமை தாங்கி, அவர்கள் உறுதி குலையாதிருக்க உண்ணாநோன்பும் மேற்கொண்டார். ஆலை முதலாளிகளின் பக்கத்தில் முன்நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளரின் பக்கத்தில் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய். அந்த அம்பாலாலின் மைந்தர் கௌதம் சாராபாய் காலிகோ ஆலைக்குப் பொறுப்பேற்றிருந்த காலத்தில், டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவரை வரவழைத்தார். அது 1953-ஆம் ஆண்டு.

அவ்வாலையில் தானியங்கித் தறிகள் புதிதாக வந்திருந்தன. தறி நல்லது, பஞ்சும் நூலும் நல்லவை, ஆயினும் எதிர்பார்த்த அளவு துணி வரவில்லை, சேதமும் மிகுந்திருந்தது. ரைஸ் தறிக்கூடத்தில் நின்று பார்த்தார். நெசவாளர், தார் மாற்றுவோர், அறுந்த இழை முடிவோர், எண்ணெய் விடுவோர், பெருக்குவோர் என்று பன்னிரண்டு வகை வேலைகளாகப் பிரித்திருந்தார்கள். நெசவாளர் ஒருவருக்கு இத்தனை தறிகள். தார் மாற்றுபவருக்கு வேறோர் எண்ணிக்கை. இழை முடிபவருக்கு மற்றோர் எண்ணிக்கை. ஆகவே இந்தத் தறிகள் எங்களுடையவை என்று சேர்ந்து சொல்லும் ஒரு கூட்டம் அங்கே இல்லை. ஒரு தறி நின்றால், யாரை முதலில் அழைப்பது, யார் வருவார் என்பதே குழப்பம். கூடத்தில் பலர் இருந்தும் ஒவ்வொருவரும் தனியர்.

குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு ஏற்றால் என்ன என்று ரைஸ் மேற்பார்வையாளரிடம் ஒரு கருத்தைச் சொன்னார். வியப்பு என்னவென்றால், அக்கருத்துத் தொழிலாளரின் காதுக்கு எட்டியவுடன், மேலிருந்து ஆணை வருமுன்பே அவர்கள் தாமாகக் கூடிப் பேசி, யார் யாருடன் சேர்வதென்று குழுக்களை அமைத்துக்கொண்டார்கள்! குழுவொன்றுக்கு ஏழு பேர். எவர் வேலை தேங்கினாலும் மற்றவர் கைகொடுக்கலாம். தொடக்கத்தில் இடர்ப்பாடுகள் இருந்தன. அவற்றைக் கலந்து பேசித் திருத்தினர். பின்னர் உற்பத்தி உயர்ந்தது. துணிச் சேதம் குறைந்தது. தொழிலாளரின் வருவாயும் கூடியது. கடைசியாகச் சொன்னதை நாம் மறத்தலாகாது. ரைஸ் இவ்வரலாற்றை 1958-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1970-ஆம் ஆண்டில் எரிக் மில்லர் என்பவர் மீண்டும் சென்று பார்த்தபோது, சில கூடங்களில் அம்முறை சிதைந்திருந்தது. ஒரு கூடத்தில் மட்டும் பதினேழு ஆண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. நல்ல முறையும் பேணாவிட்டால் அழியும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

இம்மூன்று வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாவது யாது? மனிதர் நடத்தைக்குக் காரணம் அவர்தம் குணத்தில் மட்டும் இல்லை. அவர்களை நாம் நிறுத்திய இடத்திலும் இருக்கிறது. ஆகவே குறை காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இவர் அஞ்சுவது எதை? இவர் யாரோடு சேர்ந்து நிற்கிறார்? இவர் சொன்னதை எவரேனும் செயலாக்கினாரா? பள்ளியாயினும், அலுவலகமாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும் இக்கேள்விகள் பொருந்தும்.

ஹாதார்ன் ஆலை 1983-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது, பழைய நீர்த்தொட்டிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. காலிகோ ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. மனித நடத்தையை அறிவதால் மட்டும் ஒரு தொழில் என்றென்றும் வாழ்ந்துவிடாது; சந்தையும் காலமும் வேறு வழியில் செல்லக்கூடும். ஆயினும் அந்தத் தறிக்கூடத்தில் எழுவராகக் கூடி நின்றவர்கள், தாம் பணிசெய்த காலத்தில், தறியின் உறுப்பாக அல்லாமல் தறிக்கு உரியவராக நின்றார்கள்.

என்னிடம் அச்சொல்லைச் சொன்ன மூத்த ஆசிரியர் பணி ஓய்வு பெறும் வரை அவருக்கு நான் அந்த ஓய்வுப் பாடவேளையை ஒதுக்கித் தரவில்லை. அடுத்து நான் சென்ற பள்ளியில், கால அட்டவணை வகுக்கும்போது முதலில் அதனையே எழுதினேன். அவருக்கு அது பயன்படவில்லை, பிறருக்குப் பயன்பட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடமும் யாரேனும் ஒருவர் ஒரு குறையைச் சொல்லி, விடைக்குக் காத்திருக்கக்கூடும். நாளைக் காலை அதனை முதல் வேலையாக எடுத்துக்கொள்வீர்களாயின், நான் இன்று பேசியது வீணாகாது.